பல்கலைக்கழக அனுமதி: எமது கிராமங்களில் நிலவும் தப்பபிப்பிராயங்கள்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய கரையோரக் கிராமங்களில் ஒரே விதமான கேள்விகளே எம்மிடம் வருகின்றன. "பிள்ளை மூண்டு பாடமும் பாஸ், இனி கம்பஸ் தானே பாதர்?" என்று ஒருவர் கேட்பார். "கம்பசுக்கு எவ்வளவு காசு கட்ட வேணும்?" என்று மற்றொருவர் கேட்பார். "எங்களுடையது பின்தங்கிய மாவட்டம், குறைஞ்ச புள்ளிக்கும் எடுப்பினம் எண்டு சொல்லுகினம், உண்மையோ?" என்பது மூன்றாமவர் கேள்வி.

கேட்பவர்களில் பெரும்பாலானோர் கடலையும் களப்பையும் வயலையும் நம்பி வாழ்பவர்கள். 1984ஆம் ஆண்டின் இறுதியில் இக்கிராமங்களை விட்டு வெளியேறியவர்கள், போர் 2009இல் ஓய்ந்த பின்னரே தம் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கினர். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் ஒரு தலைமுறையே முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் வளர்ந்தது. எனவே இன்று உயர்தரம் எழுதும் பிள்ளையின் வீட்டில், இதற்கு முன் பல்கலைக்கழகப் படி ஏறியவர் எவருமில்லை. வழி தெரிந்த அண்ணனோ அக்காவோ இல்லாத வீட்டில் வதந்தியே வழிகாட்டியாகி விடுகிறது.

வதந்திகள் பல திசைகளிலிருந்தும் வருகின்றன. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பியவர்கள் அங்குள்ள தனியார் பொறியியற் கல்லூரிகளின் கட்டணங்களைப் பற்றிக் கூறுகிறார்கள். இங்கிலாந்தில் 2012ஆம் ஆண்டு முதல் ஆண்டொன்றுக்கு 9,000 பவுண் வரை கட்டணம் அறவிட அனுமதிக்கப்பட்டது. அங்குள்ள உறவினர் தம் பிள்ளைகளின் கல்விக் கடனைப் பற்றித் தொலைபேசியில் கூறுகிறார்கள். இவை அந்தந்த நாடுகளைப் பொறுத்தவரை உண்மையே. எமது நாட்டு நடைமுறையோ வேறு. இரண்டையும் கலந்து கொள்வதாலேயே குழப்பம் உண்டாகிறது. ஆகவே நாம் அடிக்கடி கேட்கும் சில தப்பபிப்பிராயங்களை இங்கே ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

1. "மூன்று பாடமும் சித்தி என்றால் கம்பஸ் நிச்சயம்"

பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகைமை வேறு, தெரிவு செய்யப்படுதல் வேறு. ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் குறைந்தது சாதாரண சித்தியும், பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளிகளும் பெற்றவர் விண்ணப்பிக்கத் தகைமை உடையவர். அவ்வளவுதான். 2024ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் நாடு முழுவதும் 177,588 பேர் இத்தகைமையைப் பெற்றனர். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் 17 அரச பல்கலைக்கழகங்கள் உள்ளன. அவை எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் உள்வாங்குவது தகைமை பெற்றோரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரையே. மற்றைய மூவரும் பரீட்சையில் தோற்றவர்கள் அல்லர். இடம் போதாமையால் வெளியே நிற்பவர்கள். இந்த வேறுபாட்டைப் பெற்றோர் உணர வேண்டும். "கம்பஸ் கிடைக்கேல்லை, ஆகவே பெயில்" என்று பிள்ளையை ஒதுக்குவது அநீதி.

தெரிவுக்கு அடிப்படையாக அமைவது 2001ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கும் இசட் புள்ளி. இதைப் பலர் ஏதோ மறைவான கணக்கு என்று எண்ணுகின்றனர். களப்புத் தொழிலை வைத்தே இதனை விளங்கிக் கொள்ளலாம். எல்லோரும் 10 கிலோ இறால் கொண்டு வந்த நாளில் ஒருவர் 12 கிலோ கொண்டு வந்தால் அது பெரிய விடயமன்று. எல்லோரும் 2 கிலோவுடன் திரும்பிய நாளில் ஒருவர் 6 கிலோ கொண்டு வந்தால் அவர் கெட்டிக்காரர். நிறையை மட்டும் பார்த்தால் 12 பெரிது; தொழில் திறனைப் பார்த்தால் 6 பெரிது. இசட் புள்ளியும் அவ்வாறே. ஒரு பாடத்தில் எல்லாப் பரீட்சார்த்திகளும் பெற்ற சராசரிப் புள்ளியிலிருந்து இப்பிள்ளை எவ்வளவு மேலே நிற்கிறது என்பதை, அப்பாடப் புள்ளிகளின் பரம்பலோடு ஒப்பிட்டு அது காட்டுகிறது. இதனால் கடினமான பாடத்தை எடுத்த பிள்ளையையும் இலகுவான பாடத்தை எடுத்த பிள்ளையையும் ஒரே தராசில் நிறுக்க முடிகிறது. ஆகவே "மூண்டு ஏ எடுத்தால் மருத்துவம்" என்பதும் விதியன்று. அவ்வாண்டு, அம்மாவட்டத்தில், அக்கற்கைநெறிக்கு இறுதியாகத் தெரிவானவரின் இசட் புள்ளியே வெட்டுப்புள்ளி. அது ஆண்டுதோறும் மாறும்.

2. "புள்ளி போதுமென்றால் கடிதம் தானாக வரும்"

வராது. விண்ணப்பிக்காத மாணவருக்கு எவ்வளவு உயர்ந்த இசட் புள்ளி இருந்தாலும் அனுமதி இல்லை. பெறுபேறு வெளியான பின்னர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பங்களைக் கோரும். அதனுடன் அவ்வாண்டுக்கான அனுமதிக் கைந்நூல் மூன்று மொழிகளிலும் வெளியாகும். விண்ணப்பம் இப்போது இணையம் வழியாகவே செய்யப்படுகிறது. முடிவுத் திகதி உண்டு. அது கடந்தால் கதவு அடைபட்டுவிடும்.

எமக்குத் தெரிந்த ஒரு மாணவி நல்ல பெறுபேறு பெற்றிருந்தும் அவ்வாண்டு விண்ணப்பிக்கவில்லை. "பள்ளிக்கூடம் அனுப்பும்" என்று தாய் இருந்தார். "வீட்டிலை செய்வினம்" என்று பாடசாலை இருந்தது. கையிலிருந்த தொலைபேசிக்கு அலை சரியாகக் கிடைக்கவில்லை. முடிவுத் திகதி போய் இரண்டு கிழமைக்குப் பின்னரே விடயம் தெரிந்தது. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம் என்பதால் அவர் அடுத்த ஆண்டு மீண்டும் எழுதினார். ஆனால் அந்தந்த ஆண்டுப் பெறுபேற்றுடன் அந்தந்த ஆண்டே போட்டியிட வேண்டும் என்பதால், முதல் ஆண்டில் பெற்ற நல்ல புள்ளி பயனற்றுப் போயிற்று.

விருப்பத் தெரிவு ஒழுங்கு பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. "பெரிசா ஒண்டை முதலிலை போட்டால் கீழே உள்ளதும் கிடையாமல் போகும்" என்கிறார்கள். அப்படியல்ல. தம் புள்ளிக்குக் கிடைக்கக்கூடியவற்றுள் பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதுவே மாணவருக்கு வழங்கப்படும். எனவே உண்மையாக எதை அதிகம் விரும்புகிறாரோ அதையே முதலில் எழுத வேண்டும். அதேவேளை போக மனமில்லாத கற்கைநெறியை இடம் நிரப்புவதற்காக எழுதக் கூடாது. பதிவு செய்த பின்னர் மறுமுறை விண்ணப்பிப்பதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு; அவற்றைக் கைந்நூலில் வாசித்தறிதல் நன்று.

"தமிழ்ப் பிள்ளைக்கு யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ தான்" என்பதும் பிழை. பேராதனை, மொறட்டுவை, மாத்தறையில் உள்ள ருகுணு, பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸ என எங்கும் இடம் கிடைக்கலாம். தூரத்தில் கிடைத்தது என்பதற்காகப் பெண்பிள்ளையை மறிக்கும் பெற்றோரை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுடைய அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. இந்த மண்ணில் அது காரணமின்றி வந்த அச்சமன்று. ஆயினும் அங்கு ஏற்கெனவே படிக்கும் தமிழ் மாணவரோடு ஒருமுறை பேசிய பின்னர் முடிவெடுப்பது நல்லது.

3. "பின்தங்கிய மாவட்டம் என்பதால் எமக்கு இலகு"

இது பாதி உண்மை. பாதி உண்மையே அதிக தீங்கு செய்வது.

1970களில் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்த கதையை எமது மூத்தோர் அறிவர். யாழ்ப்பாண மாணவர் பலருக்கு அது கதவடைப்பாக அமைந்தது. வன்னி போன்ற பின்தங்கிய பகுதி மாணவருக்கோ ஒரு சிறு வாயிலைத் திறந்தது. அந்த ஒழுங்கு பல மாற்றங்களுக்கு உள்ளாகி இன்று இவ்வாறு அமைந்துள்ளது: கலைத்துறைக் கற்கைநெறிகளுக்கு அகில இலங்கைத் திறமை அடிப்படையிலேயே தெரிவு. ஏனைய பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் மாவட்டங்களுக்கு, அவற்றின் குடித்தொகை விகிதப்படி. எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கியவையாகக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அந்தப் பதினாறில் முல்லைத்தீவும் ஒன்று.

"குடித்தொகை விகிதப்படி" என்ற சொல்லில்தான் விடயம் இருக்கிறது. 2012ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பின்படி முல்லைத்தீவு மாவட்டத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 92 ஆயிரம். நாட்டின் தொகை ஏறத்தாழ 2 கோடியே 3 இலட்சம். அதாவது நூற்றுக்கு அரை வீதத்திலும் குறைவு. ஒரு கற்கைநெறிக்கு நாடு முழுவதும் 1,000 இடங்கள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். மாவட்டங்களுக்கு உரியவை 550. அதில் இந்த விகிதப்படி எமக்குக் கிடைப்பது இரண்டரை இடம். பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கான 50 இடங்களைக் குடித்தொகைப்படி பங்கிட்டால் எமது பங்கு ஓர் இடத்திலும் குறைவு. இரண்டையும் கூட்டினால் 1,000 இடங்களுக்கு 3 இடம்! சனத்தொகை கூடும்போது இக்கணக்கு சற்று மாறும்; ஆயினும் சலுகையின் அளவு இத்தகையதே.

ஆகவே ஒதுக்கீடு எமது பிள்ளைகளின் வெட்டுப்புள்ளியைச் சற்றுத் தாழ்த்தலாம். படிக்காமல் உள்ளே விடமாட்டாது. அந்த மூன்று இடங்களுக்கு மாவட்டம் முழுவதிலுமுள்ள பிள்ளைகள் போட்டியிடுகிறார்கள். முல்லைத்தீவு நகரிலும் முள்ளியவளையிலும் புதுக்குடியிருப்பிலும் ரியூசன் வசதியோடு படிக்கும் பிள்ளையும், நாயாறு, செம்மலை, அலம்பில் தாண்டிப் பேருந்தில் போய்வரும் கொக்கிளாய்ப் பிள்ளையும் ஒரே மாவட்டக் கணக்கிலேயே எண்ணப்படுவர். மாவட்டத்துக்குள்ளேயே பின்தங்கிய கிராமத்துக்கு இந்த முறையில் தனி ஒதுக்கீடு இல்லை. இதை உணர்ந்தால், "சலுகை இருக்கு" என்று ஆறுதலடைவதை விடுத்து, விஞ்ஞான கணித ஆசிரியர்கள் எமது பக்கம் வந்து தங்கிக் கற்பிக்க என்ன செய்யலாம் என்று சிந்திப்போம்.

4. "யாழ்ப்பாணத்தில் படித்தாலும் முல்லைத்தீவுக் கணக்குத்தான்"

நல்ல பாடசாலை தேடி உயர்தரத்துக்குப் பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ அனுப்பும் பெற்றோர் பலர். "பிறந்தது இஞ்சை, அடையாள அட்டை விலாசம் இஞ்சை, ஆகவே முல்லைத்தீவுக் கோட்டா" என்று அவர்கள் நம்புகின்றனர். மாவட்டத்தைத் தீர்மானிப்பது பிறப்புச் சான்றிதழ் அல்ல. பாடசாலைப் பரீட்சார்த்தியைப் பொறுத்தவரை, பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் அவர் எந்த மாவட்டப் பாடசாலையில் கற்றார் என்பதே அடிப்படை. இரண்டு மாவட்டங்களில் கற்றவர்களுக்கும் தனிப்பட்ட பரீட்சார்த்திகளுக்கும் உரிய விதிகள் கைந்நூலில் தரப்பட்டுள்ளன.

அனுப்புவது பிழை என்று நாம் கூறவில்லை. சிறந்த ஆசிரியர்களால் பிள்ளையின் புள்ளி உயர்ந்து, வேறு மாவட்டக் கணக்கிலும் அது தெரிவாகலாம். ஆனால் எதைப் பெறுகிறோம், எதை விடுகிறோம் என்று அறிந்து செய்யும் தெரிவாக அது இருக்க வேண்டும். சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்றே இம்முடிவு எடுக்கப்படுகிறது. உயர்தரப் பெறுபேறு வரும்போது மாற்ற இயலாது.

5. "கம்பசுக்கு இலட்சக்கணக்கில் கட்ட வேணும்"

இந்தத் தப்பபிப்பிராயமே எமது கிராமங்களில் அதிக சேதம் விளைவிப்பது. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி பல்கலைக்கழகம் வரை நீடிக்கிறது. அரச பல்கலைக்கழகமொன்றில் முதற் பட்டத்துக்கு உள்வாரியாகத் தெரிவான மாணவர் கற்பித்தற் கட்டணம் செலுத்துவதில்லை. மருத்துவமாயினும் பொறியியலாயினும் கலையாயினும் இதுவே விதி. பதிவு, நூலகம், விடுதி போன்றவற்றுக்குச் சிறு தொகைகளே அறவிடப்படும்.

ஒரு கடற்றொழிலாளி தம் மகளுக்கு அனுமதிக் கடிதம் வந்த மகிழ்ச்சியில், "கட்டுக் காசு" தேவைப்படுமென்று வெளியிணைப்பு இயந்திரத்தை ஈடுவைத்து வட்டிக்கு ஓர் இலட்சம் ரூபா பெற்றார். பதிவு நாளன்றே அவ்வளவு தேவையில்லை என்று தெரிய வந்தது. மீதிப் பணத்தை உடனே திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் கைக்கு வந்த பணம் வீட்டில் தங்கவில்லை. வட்டி மட்டும் தங்கியது. மகள் இரண்டாம் ஆண்டுக்கு வரும் வரை அவர் மற்றவர் படகில் கூலிக்குப் போனார்.

மறுபுறம், "கட்ட வழியில்லை" என்று எண்ணிப் பிள்ளையை உயர்தரத்துக்கே அனுப்பாமல் நிறுத்தும் குடும்பங்களும் உள்ளன. இல்லாத ஒரு கட்டணத்துக்குப் பயந்து, இருக்கும் ஓர் உரிமையைக் கைவிடுகிறார்கள்.

6. "மகாபொல வந்தால் எல்லாம் சரி"

கற்பித்தற் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று எண்ணுவது அடுத்த தவறு. தங்குமிடம், சாப்பாடு, பேருந்துக் காசு, நிழற்பிரதிகள், மடிக்கணினி, இணையம் ஆகியன உண்மையான செலவுகள். எல்லா மாணவருக்கும் எல்லா ஆண்டுகளிலும் விடுதி கிடைப்பதில்லை. வெளியே அறை எடுக்க நேர்ந்தால் வாடகையும் முற்பணமும் வேண்டும்.

இதற்கு உதவியாக இருப்பவை இரண்டு. ஒன்று, 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட மகாபொல நம்பிக்கை நிதியம் வழங்கும் புலமைப்பரிசில். மற்றது, மகாபொல கிடைக்காத வறிய மாணவருக்குப் பல்கலைக்கழகங்கள் ஊடாகக் கிடைக்கும் நிதியுதவி. மாணவர் இதனைப் பர்சரி என்பர். நீண்ட காலம் மாதம் 5,000 ரூபாவாக இருந்த மகாபொலவை 7,500 ஆகவும், 4,000 ரூபாவாக இருந்த பர்சரியை 6,500 ஆகவும் 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் உயர்த்தியது. இத்தொகைகள் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் ஆண்டில் உள்ளதைக் கேட்டறிக.

கணக்கைப் பார்ப்போம். மகாபொல ஆண்டுக்குப் பத்துத் தவணைகளே வழங்கப்படும். 7,500 ரூபாப்படி 75,000. அதை 365 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 205 ரூபா. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கே அது போதாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2022 செப்டெம்பரில் நாட்டின் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டிய வேளையிலும் உதவித்தொகை 5,000 ஆகவே இருந்தது. அக்காலத்தில் படித்த எமது பிள்ளைகள் ஒருவேளை உணவோடு விரிவுரைக்குப் போன கதைகளை நாம் கேட்டிருக்கிறோம்.

அதிலும் முக்கியம், அது எப்போது கைக்கு வருகிறது என்பது. பல்கலைக்கழகம் தொடங்கிய முதல் மாதமே மகாபொல கிடைக்கும் என எண்ண வேண்டாம். விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்பட்டு முதல் தவணை வரப் பல மாதங்கள் செல்லும். ஆகவே குடும்பத்துக்கு மிகக் கடினமான காலம் நாலாம் ஆண்டன்று. முதல் ஆறு மாதமே. மாணவர் இடைவிலக நினைப்பதும், தாயின் தாலிக்கொடி அடகு கடைக்குப் போவதும், நுண்கடன் நிறுவனத்தின் வாசலில் நிற்பதும் இக்காலத்தில்தான்.

வருமானச் சான்று பற்றியும் ஒரு வார்த்தை. உதவிக்கு விண்ணப்பிக்கும்போது பெற்றோரின் ஆண்டு வருமானத்தைக் கிராம அலுவலரும் பிரதேச செயலகமும் உறுதிப்படுத்த வேண்டும். உத்தியோகத்தருக்குச் சம்பளப் பத்திரம் உண்டு, கடற்றொழிலாளிக்கு இல்லை. சிலர் கௌரவத்துக்காகக் கூட்டிச் சொல்கின்றனர். சிலர் மீன் நன்றாகப் பட்ட ஒரு மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கிச் சொல்கின்றனர். கடல் கொந்தளிக்கும் மாரி மாதங்களையும், எண்ணெய்ச் செலவையும், வலை திருத்தும் செலவையும் யார் கணக்கெடுப்பது? பொய் சொல்ல வேண்டியதில்லை. முழு ஆண்டின் உண்மையைச் சொன்னால் போதும். மீன் விற்ற துண்டுகளை ஒரு கொப்பியில் ஒட்டி வைக்கும் பழக்கம் இதற்குப் பேருதவி. "அஸ்வெசும எடுக்கிறம், ஆகவே மகாபொல தானாகக் கிடைக்கும்" என்பதும் தவறு. இரண்டும் வேறு வேறு திட்டங்கள். தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

7. "காசு கொடுத்தால் இடம் எடுத்துத் தருவார்கள்"

அரச பல்கலைக்கழக அனுமதியில் இடைத்தரகருக்கு எவ்வித இடமும் இல்லை. "ஆணைக்குழுவிலை எனக்கு ஆள் இருக்கு" என்று கூறிப் பணம் கேட்பவர் ஏமாற்றுக்காரர். வெற்றிடங்கள் பின்னர் நிரப்பப்படுவதுண்டு. அதுவும் இசட் புள்ளி ஒழுங்குப்படியே நடக்கும். அவ்வாறு ஒரு மாணவருக்கு இயல்பாகக் கிடைத்த இடத்தைத் தானே எடுத்துக் கொடுத்ததாகக் கூறிப் பணம் கறந்தவரையும் நாம் அறிவோம்.

பணம் செலுத்திப் படிக்கும் தனியார் நிறுவனங்கள் வேறு விடயம். அவற்றில் சில, பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் பட்டம் வழங்க அங்கீகாரம் பெற்றவை, பல பெறாதவை. பளபளப்பான பிரசுரத்தைப் பார்த்துக் காணியை விற்க முன்னர் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இப்பட்டத்தை வழங்குவது யார்? அவர் பெயர் அங்கீகரிக்கப்பட்டோர் பட்டியலில் உள்ளதா? அரச பல்கலைக்கழகம் கிடைக்காத தகைமையுள்ள மாணவருக்கென 2017இல் வட்டியில்லா மாணவர் கடன் திட்டமொன்றை அரசு தொடங்கியது. தெரிவு செய்யப்பட்ட அரச சார்பற்ற நிறுவனங்களின் பட்டக் கற்கைகளுக்கே அது பொருந்தும். வட்டியை அரசு ஏற்கிறது. முதலை மாணவரே திருப்பிச் செலுத்த வேண்டும். "அரசாங்கக் காசு" என்ற எண்ணத்தில் அதற்குக் கையொப்பமிடக் கூடாது. அது கடன்.

8. "கம்பஸ் இல்லையென்றால் ஒன்றுமில்லை"

நான்கில் மூவர் வெளியே நிற்கும் நாட்டில் இந்த எண்ணம் மிகக் கொடியது. மூன்று சித்திகளோடு வீட்டில் இரண்டு ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, பின்னர் கடல் வழியே வெளிநாடு போக முகவரிடம் பணம் கட்டிய இளைஞரையும் இப்பகுதி கண்டிருக்கிறது. வேறு வழிகள் உள்ளன:

தேசியக் கல்வியியற் கல்லூரிகள். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் உள்ளன. தங்கிப் பயில வேண்டும், கட்டணம் இல்லை, மாதாந்த உதவுதொகை உண்டு. வர்த்தமானி அறிவித்தலைக் கவனித்து விண்ணப்பிக்க வேண்டும். எமது பாடசாலைகளுக்கு எமது ஊர் ஆசிரியர்களே வர வேண்டுமாயின் இதுவே நேரான பாதை.

உயர் தேசிய டிப்ளோமாக்கள். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் உள்ள உயர் தொழில்நுட்பவியல் நிறுவகங்களில் கணக்கியல், ஆங்கிலம், தகவல் தொழில்நுட்பம் போன்றவற்றை முழுநேரமாகக் கட்டணமின்றிப் பயிலலாம்.

தொழிற்பயிற்சி. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் எமக்கு அண்மையில் உள்ளது. தேசிய தொழிற்தகைமையில் படிப்படியாக ஏறிப் பட்டத்துக்குச் சமமான ஏழாம் மட்டம் வரை செல்லும் பாதை இருக்கிறது. அதற்கெனவே தொழில்நுட்பப் பல்கலைக்கழகமொன்று இரத்மலானையில் இயங்குகிறது. கடலோடு தொடர்புள்ள கல்வியை விரும்புவோர் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் கற்கைநெறிகளையும் விசாரிக்கலாம்.

திறந்த பல்கலைக்கழகம். 1980இல் தொடங்கப்பட்டது. கட்டணம் உண்டு, ஆனால் தொழில் செய்து கொண்டே படிக்கலாம். உயர்தரம் சித்தியடையாதவரும் அடிப்படைக் கற்கைகள் மூலம் உள்ளே செல்ல வழியுண்டு. திருமணமாகிப் படிப்பை விட்ட பெண்களுக்கு இது இரண்டாம் வாசல்.

நாம் செய்யக் கூடியவை

தனியொரு குடும்பம் இவையனைத்தையும் அறிந்திருக்க முடியாது. ஆனால் ஒரு கிராமம் அறிந்திருக்க முடியும். பின்வருவனவற்றை எமது கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் இவ்வாண்டே தொடங்கலாம்.

முதலாவது, சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமையிலேயே பெற்றோர் கூட்டமொன்றை வைத்தல். உயர்தரப் பிரிவு, பாடசாலை, மாவட்டம் ஆகிய மூன்றும் அப்போதுதான் தீர்மானமாகின்றன. பல்கலைக்கழகத்தில் படிக்கும் எமது பகுதி மாணவர் ஒருவரையாவது அழைத்துப் பேசச் செய்தல் நன்று. பிள்ளைகள் பாதரையும் அதிபரையும் விட அந்த அக்காவின் சொல்லையே நம்புவர்.

இரண்டாவது, விண்ணப்ப காலத்தில் வாசிகசாலையிலோ சங்கக் கட்டடத்திலோ ஒரு கணினியையும் இணைய இணைப்பையும் ஏற்பாடு செய்து, கைந்நூலின் பிரதியொன்றை எல்லோரும் பார்க்கும்படி வைத்தல். முடிவுத் திகதியைப் பெரிய எழுத்தில் கோயில் மதிலிலும் தேவாலய வாசலிலும் கடற்கரை வாடியிலும் ஒட்டுதல்.

மூன்றாவது, "முதல் ஆறு மாத நிதி" ஒன்றை உருவாக்குதல். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவருக்கு மகாபொலவோ பர்சரியோ வரும் வரை மாதாந்தம் ஒரு தொகையை வட்டியின்றிக் கொடுத்து, அது கிடைத்த பின்னர் சிறுகச் சிறுகத் திரும்பப் பெறும் சுழல் நிதி இது. ஆண்டுக்கு ஒருவரோ இருவரோ தெரிவாகும் கிராமத்தில் இதற்குப் பெருந்தொகை தேவையில்லை. மீன் நன்றாகப் படும் மாதங்களில் படகொன்றுக்கு ஒரு சிறு தொகை என்று சங்கம் தீர்மானித்தால் போதும். புலம்பெயர்ந்த உறவினர் உதவ விரும்பின், கோபுரத்துக்கும் கொடிமரத்துக்கும் கொடுப்பதில் ஒரு பங்கை இந்நிதிக்குக் கேட்போம். கணக்கைப் பகிரங்கமாக வாசிப்போம்.

ஒரு கிராமத்துப் பிள்ளை பல்கலைக்கழக இடத்தைப் புள்ளி போதாமையால் இழந்தால், அது போட்டியின் விளைவு. விண்ணப்பத் திகதி தெரியாமல் இழந்தால், இல்லாத கட்டணத்துக்குப் பயந்து இழந்தால், முதல் ஆறு மாதச் சோற்றுக் காசின்றி இழந்தால், அது எம் எல்லோருடைய பொறுப்பு. முன்னதை மாற்ற ஆண்டுகள் செல்லும். பின்னதை அடுத்த பெறுபேறு வருமுன் மாற்றலாம். மாற்றுவோமா?